கையைக் கழுவிட்டு வாங்க

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு லோடு வண்டியில். பாளையம்பட்டியிலிருந்து மல்லாங்கிணற்றுக்கு வீடு மாற்றினேன். வண்டியை ஓட்டியவர் சண்முகவேல். பின்னால் என் பீரோ இடித்துக்கொண்டே வந்தது. அவர் பேசிக்கொண்டே வந்தார்.

"எம் பொண்டாட்டி டாக்டருக்குப் படிக்குறா சார். எனக்கே குத்திப் பாத்துட்டா. சுகரு முந்நூத்தி எம்பதாம்! அவளுக்கு மிசினப் பிடிக்கத் தெரியல, வியாதி எனக்காம்."

சிரித்தேன். பீரோவை இறக்கிய கையோடு எழுத உட்கார்ந்தேன். நகைச்சுவைக் கதையாகத்தான் நினைத்திருந்தேன். முதல் வரி இது:

திருச்சுழிப் பக்கம் ஒரு ஊரில், மருந்தின் பெயர்கூட வாசிக்கத் தெரியாத டாக்டரம்மா ஒருத்தி

அந்த வரியை முடிக்கவில்லை. அடுத்த வாரம் அந்த டாக்டரம்மாவை நேரில் பார்த்துவிட்டேன்.

2

பெயர் முனீஸ்வரி. அவர் படித்தது டாக்டருக்கு அல்ல. வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்த்து, மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் சுகாதாரத் தன்னார்வலர் வேலைக்கு. அதற்கு முன்னால் நூல் மில்லில் இருந்தார். மருந்தின் பெயரெல்லாம் நன்றாகவே வாசித்தார்.

(இரண்டாவது வரைவில் அவரை ரத்தம் பார்த்தால் பயப்படுகிறவராக எழுதியிருந்தேன். கதாநாயகிக்கு ஒரு குறை வேண்டுமே. படித்துக் காட்டினேன். "அத அடிச்சிருங்க சார். குத்துறதுக்கெல்லாம் எனக்குப் பயமில்ல. அன்னைக்குப் பயந்தது வேற" என்றார். அடித்துவிட்டேன். அவர் சொன்ன அந்த வேறு பயம்தான் கதை என்று அப்போதுதான் புரிந்தது.)

3

பயிற்சியின் தொடக்கம். வீட்டில் பழகிப் பார்க்கச் சொல்லி சுகர் பார்க்கும் இயந்திரத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். சண்முகவேல் சீனிச்சேவு தின்றுகொண்டிருந்தார். "இந்தா, குத்திக்கோ" என்று விரலை நீட்டினார். முனீஸ்வரி விரல் ஓரத்தில் குத்தினார். முந்நூற்று எண்பது.

முனீஸ்வரி எண்ணை இரண்டு முறை வாசித்தார். உடனே ஒன்று ஞாபகம் வந்தது. விரலில் இனிப்பு ஒட்டியிருந்தால் இயந்திரம் கூட்டிக் காட்டும் என்று பயிற்சி கொடுத்த செவிலியர் தங்கச்செல்வி சொல்லியிருந்தார்.

"கையைக் கழுவிட்டு வாங்க."

"கழுவுனா வியாதி போயிருமா?"

"சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க."

அவர் கழுவப் போன நேரத்தை நான் நாலு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். முனீஸ்வரி சொன்னதே போதும்: "என் தப்பா இருக்கணும்னு சாமி கும்புட்டேன் சார். நீ இந்த வேலைக்கு லாயக்கில்லைன்னு அனுப்பிட்டாக்கூடப் பரவால்ல, அவுகளுக்கு ஒண்ணும் இருந்துறக் கூடாது."

கழுவிய கையில் வேறு விரல். முந்நூற்று எழுபத்தாறு.

சண்முகவேல் சிரித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

4

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடும்போதெல்லாம் "லோடு இருக்கு" என்றார். லோடு வண்டி ஸ்டாண்டில் எல்லோரிடமும் மனைவியின் மிசினைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார்.

[இங்கே எனக்கு ஒரு முடிவு தோன்றியது. காரியாபட்டி ரோட்டில் சண்முகவேலுக்குத் தலை சுற்றி, வண்டி கவிழ்ந்து, முனீஸ்வரி ஓடி வந்து... "எதுக்கு சார் வண்டியக் கவுக்குறீங்க? பின்னால நாலு பேரு ஒக்காந்திருப்பாக" என்றார். வண்டியை நிமிர்த்திவிட்டேன்.]

உண்மையில் முனீஸ்வரி செய்தது இதுதான். தங்கச்செல்வியிடம் போய், "அக்கா, அடுத்த பயிற்சிய லோடு வண்டி ஸ்டாண்டுல வைப்போமா?" என்று கேட்டார். தங்கச்செல்விக்குக் காரணம் விளங்கியது. சரி என்றார்.

அன்று நானும் போயிருந்தேன். வேப்பமரத்தடியில் மேசை போட்டார்கள். ஓட்டுநர்கள் தள்ளி நின்று சிரித்தார்கள். "ஏலே சண்முகம், ஒங்க டாக்டரம்மா வந்துட்டாகலே!" ஒருவரும் கையை நீட்டவில்லை. அவர்களுக்கும் பயம்தான்.

முனீஸ்வரி தன் விரலில் தானே குத்திப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "வலிச்சாச் சொல்லுங்க, நானும் சேந்து கத்துறேன்" என்றார். சங்கையா என்ற ஓட்டுநர் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தங்கச்செல்வி தன்னுடைய இயந்திரத்திலும் பார்த்தார். இரண்டும் அநேகமாக ஒன்றையே சொன்னன. "சரியாப் பாக்குறீங்க முனீஸ்வரி" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார்.

சண்முகவேல் வண்டிக் கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கடைசியில் குழாயடிக்குப் போனார். ஈரக் கையோடு வந்து உட்கார்ந்தார்.

"சோப்புப் போட்டுத்தான் கழுவிருக்கேன்" என்றார் மெதுவாக.

முனீஸ்வரி குத்தினார். இயந்திரத்தை அவர் பக்கம் மட்டும் திருப்பிக் காட்டினார். சண்முகவேல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை.

"நாளைக்கு டாக்டரப் பாக்கப் போறோம். நானும் வாரேன்."

"லோடு..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். "சரி."

5

மறுநாள் இருவரும் போனார்கள். அதுவரைதான் எனக்குத் தெரியும்.

முனீஸ்வரி இப்போது பயிற்சி முடித்துப் பையை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறார். சென்ற வாரம் வழியில் பார்த்தபோது, கதையை முடிக்க வேண்டும், சண்முகவேலுக்கு இப்போது எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன்.

"அத நான் சொல்லக் கூடாது சார்."

"நீங்க அவரு வீட்டம்மாதானே?"

"வீட்ல கேட்டா வீட்டம்மா. இப்ப பையோட நிக்கேன்ல? ஒருத்தர் கணக்க இன்னொருத்தர்ட்ட சொன்னேன்னா, நாளைக்கு எந்த வீட்ல எனக்குக் கைய நீட்டுவாக?"

எழுத்தாளன் என்றால் எல்லார் வீட்டுக்குள்ளும் நுழையலாம் என்றுதான் இத்தனை வருடம் நினைத்துவந்தேன். அவர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போய்விட்டார்.

ஆகவே கடைசி வரியை இப்படித்தான் எழுத முடிகிறது:

சண்முகவேலுக்கு இப்போது சுகர் (          ).

உங்கள் மனசுக்குப் பட்டதை நிரப்பிக்கொள்ளுங்கள். நிரப்பியதை யாரிடமும் சொல்லாதீர்கள். என்னிடமும்.