சேட்டுக்குள் ஒரு கோடு

"தம்பி, சேட்டைக் கழட்டும்," என்றார் ஐயர், மறுபடியும்.

பிரியந்தன் மேல் பொத்தானைப் பிடித்தபடி நின்றான். மலர்ச்சாலையில் ஏசி வேலை செய்யவில்லை. வெள்ளவத்தை முழுவதும் வந்து மூச்சு விடுகிற வெக்கை. இவன் மட்டும் கழுத்துவரை பூட்டியிருந்தான். சவப்பெட்டிக்குள் அப்பா நமசிவாயம், வங்கி வரிசையில் நிற்பவரைப்போல லேசான எரிச்சலோடு கிடந்தார்.

"சேட்டோட செய்யேலாதோ ஐயா?"

"கொள்ளி வைக்கிற பிள்ளை சேட்டோட நிக்கிறதோ? நல்ல கதை."

"வெக்கப்படுறான்," என்றார் தெஹிவளை மாமா பக்கத்திலிருந்தவரிடம். "ஜிம்முக்குப் போ, போ எண்டு எத்தினை தரம் சொன்னனான்."

வெட்கமில்லை. சேட்டுக்குள் ஒரு கோடு இருந்தது. வலத் தோளில் தொடங்கி இட இடுப்புவரை, கத்தரிக்காய் நிறத்தில், பெல்ட்டின் அகலத்தில். அதைப் பார்க்கக் கூடாத ஒரே ஆள், அம்மா, பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள்.

முந்தாநாள் கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாணம். பிரியந்தன் கார் ஓட்டினான். பக்கத்தில் அப்பா, பின்னால் அம்மா சிவமணி. அப்பா ஏறியதும் ஒழுங்காகத்தான் பெல்ட் போட்டார். அம்மாதான் பின்னாலிருந்து அவர் தோளைத் தட்டினாள்.

"இஞ்சேருங்கோ, உதைக் கழட்டுங்கோ. இப்பத்தானே அயர்ன் பண்ணித் தந்தனான். நெஞ்சில மடிப்போடயோ சபையில நிக்கப் போறியள்?"

அப்பா கழட்டினார். கார் பீப் பீப் என்று கத்தியது. பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டு மறுபடி கொழுவினார். கார் சமாதானமானது. காரை ஏமாற்றிவிட்டால் போதும் என்று ஊரில் பாதிப்பேர் இப்படித்தான் போகிறார்கள். பிரியந்தனுக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

கொழும்புக் காலி வீதியில் முன்னால் போன பஸ் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. கார் அதன் பின்பக்கத்தில் போய் மோதியது.

ஆஸ்பத்திரியில் அம்மா, சிராய்த்த முழங்காலுக்கு மருந்து கட்டுவித்துக்கொண்டு, ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"பெல்ட் போட்டிருந்தா இருந்திருப்பாரோ தம்பி?"

"நானும் அப்பா மாதிரி முதுகுக்குப் பின்னாலதான் கொழுவினனான் அம்மா. எனக்கென்ன நடந்தது? அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

அவள் அதை நம்பினாள். நம்பிய பிறகுதான் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

இப்போது மாமா பொறுமையிழந்து எழுந்து வந்தார். "விடடா, நான் கழட்டிறன்." சின்னப் பிள்ளையைக் குளிப்பாட்டப் போகிறவர்போலப் பொத்தான்களைக் கழட்டிச் சேட்டை உருவினார். பிறகு சேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். நொண்டி நொண்டி வந்தாள். மகனின் தோளில் விரலை வைத்து, கோட்டின் வழியே, அது முடிகிற இடம்வரை மெல்லக் கொண்டுபோனாள்.

"நோகுதோ?"

"இல்லை."

மாமாவின் தோளிலிருந்த சால்வையை எடுத்து, கோடு மறையும்படி அவனுக்குப் போர்த்திவிட்டாள். பிறகு தன் கதிரைக்குப் போனாள்.

"தர்ப்பையைப் போடும்," என்றார் ஐயர்.

பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வாசலோடு அவர்களுக்கு எல்லாம் முடிந்துவிடும். பெட்டியை வண்டியில் ஏற்றி, அசையாமலிருக்கப் பட்டி போட்டு இறுக்கினார்கள். பிரியந்தன் முன்னால், சாரதிக்குப் பக்கத்தில் ஏறினான். சாரதி எஞ்சினை இயக்கியதும் வண்டி கத்தத் தொடங்கியது. பீப். பீப். பீப்.

"பெல்ட் எக்க தாகன்ன, மாத்தயா," என்று பெல்ட்டைப் போடச் சொன்னார் சாரதி, சிங்களத்தில்.

பிரியந்தன் கேட்காதவன்போல நேரே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா வண்டியோடு ஒட்டி நின்றாள். அழுதுகொண்டிருந்த மாமிமார் அழுகையை நிறுத்தி, என்ன சத்தமென்று பார்த்தார்கள்.

"மாத்தயா," என்றார் சாரதி திரும்பவும், கொஞ்சம் தணிந்த குரலில்.

அம்மா கதவைத் திறந்தாள். பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். அது வரமறுத்தது. விட்டு, மெதுவாக இழுத்தாள். இடத் தோளிலிருந்து வலப் பக்கம்வரை அவன்மேல் குறுக்காகக் கொண்டுவந்தாள். கொழுவுகிற இடம் அவளுக்குத் தெரியவில்லை. சீற்றைத் தடவித் தடவித் தேடினாள். பிரியந்தன் அவள் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தான்.

டக்.

சத்தம் நின்றது. அம்மா கையை எடுக்கவில்லை. சாரதி ஒருமுறை அவளைப் பார்த்தார். பிறகு வீதியைப் பார்த்துக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டபடி, காத்திருந்தார்.