லியோனின் தொண்டையா, முதுகா?

"ஐயோ...!"

மஹய்யாவ தேவாலய மண்டபத்தில் பாடகர் குழாம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. திருவிழாத் தனிப்பாட்டில் லியோன் இரண்டு மாதமாக எட்டாத உச்சத்தை இன்று ஒரே பாய்ச்சலில் பிடித்துவிட்டார்! குழாமில் அவருக்கு அடுத்த குரல்காரனான றொட்னி கைகூடத் தட்டினான். லியோன் கதிரையோடு சரிந்த பிறகுதான் அது பாட்டில்லை என்று விளங்கியது.

சிறுநீரகக் கல். புதன்கிழமை சத்திரசிகிச்சை, ஞாயிறு திருவிழா. பதினெட்டு வருடமாக அந்தத் தனிப்பாட்டை லியோன் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் சுவர்ணா, செவ்வாய் பின்னேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்தார்.

"உங்களுக்கு ரெண்டும் சரிவரும். முழு மயக்கம்னா ஒண்ணுமே தெரியாது. ஆனா தொண்டைக்குள்ள குழாய் வைப்போம், ரெண்டொரு நாள் குரல் கரகரக்கலாம். முதுகுல ஊசின்னா இடுப்புக்குக் கீழதான் விறைக்கும், முழிச்சிருப்பீங்க. சிலருக்குத் தலையிடி வரும்."

குழாய் என்றதும் லியோனின் கை தானாகவே தொண்டைக்குப் போனது.

"முழு மயக்கமே எடுங்கண்ணே," என்றான் பார்க்க வந்திருந்த றொட்னி. "முதுகுல ஊசின்னா உள்ள பேசுறது, வெட்டுறது எல்லாம் கேக்கும். தாங்க மாட்டீங்க."

"வெட்டுறதே இல்ல, லேசர்தான்," என்றார் டொக்டர்.

"ஊசியக் கண்டா கட்டிலுக்கடியில போற ஆளு இவரு," என்று சிரித்தாள் மனைவி மரியகொறற்றி.

லியோன் தொண்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. "முதுகுலயே போடுங்க டொக்டர்."

மறுநாள் தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்தபோது அவருக்குத் தெரிந்த புனிதர்கள் அத்தனை பேரும் கூப்பிடப்பட்டார்கள். ஊசி இறங்கியது, கால்கள் வேறு யாருடையவோ போல ஆகிவிட்டன. பயத்தை மறக்க மெதுவாகப் பாடத் தொடங்கினார்.

"பாடாதீங்க!" என்று டொக்டர் சுவர்ணா அதட்டினார். "வயிறு ஆடுது, கல்லும் சேந்து ஆடுது!"

வியாழக்கிழமை கல்லும் இல்லை, தலையிடியும் இல்லை. தோடம்பழப் பையோடு றொட்னி வந்ததும், லியோன் தலையணையில் சாய்ந்தபடியே தனிப்பாட்டின் முதலடியை எடுத்துவிட்டார். கரகரப்பு மருந்துக்கும் இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் தலையாட்டி ரசித்தார்.

றொட்னியின் முகம்தான் சுருங்கிப்போனது.

"என்னடா, சந்தோசமில்லையா?"

"சந்தோசம்தாண்ணே... ஆனா, ஞாயித்துக்கிழம நான்தான் பாடுறேன்னு நாவலப்பிட்டியிலருந்து மாமியாரு குடும்பத்தையே வேன் புடிச்சு வரச் சொல்லிட்டேனே!"