ஓட்டுகிறார், ஓட்டினார்

விருது கடைசியில் திமிங்கலத்துக்குத்தான் போனது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் அதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டாம்.

நான் நகர அருங்காட்சியகத்தில் விளக்க அட்டை எழுதுகிறவன். கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே நான்கு வரி இருக்குமே, யாரும் படிக்காத நான்கு வரி, அது என் கைவேலை. எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. எல்லாம் இறந்தகாலத்தில் இருக்க வேண்டும். இந்தப் பானையில் தானியம் சேமித்தார்கள், இந்த நாற்காலியில் நீதிபதி உட்கார்ந்தார். பத்தொன்பது வருடமாக இப்படியே எழுதி எழுதி, எங்காவது நிகழ்காலத்தில் ஒரு வினைச்சொல்லைப் பார்த்துவிட்டால் என் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும்.

அந்த விதியை ஒரே ஓர் அட்டைக்காக மீறினேன். அது என் அக்காவுக்காக.

அக்காவின் கணவர், என் அத்தான், ஆற்றில் படகோட்டி. நான்கு வருடம் முன்பு வந்த வெள்ளத்தில் ஐந்து நடை போய் எழுபத்தொரு பேரைக் கரை சேர்த்தார். ஐந்தாவது நடையில் கைக்குழந்தையோடு நடுங்கிக்கொண்டிருந்த ஒருத்திக்குத் தன் மஞ்சள் மழைக்கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஆறாவது நடை போனார். இரண்டு நாள் கழித்துப் படகு பாலத்துக்கடியில் கவிழ்ந்து கிடந்தது. அவர் கிடைக்கவில்லை. அந்தப் பெண் மழைக்கோட்டை அலசிக் காயவைத்து, அக்காவிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

கிடைக்காதவரை இருக்கிறார் என்பது அக்காவின் கணக்கு. "அவருக்கு முட்டை பிடிக்காது" என்பாள். "அவர் இப்படித்தான், குடையை எங்கயாவது வச்சுட்டு வந்துடுவார்" என்பாள். வாசலில் அவருடைய செருப்பு தூசி தட்டி இருக்கும். நானும் அந்த வீட்டில் நான்கு வருடம் நாக்கைக் கட்டிக்கொண்டுதான் பேசினேன். ஒருமுறைகூட வாய் தவறவில்லை.

வெள்ளத்தைப் பற்றிக் கண்காட்சி வைத்தபோது மழைக்கோட்டைக் கேட்டேன். ஒரு வாரம் யோசித்தாள்.

"இரவலாத்தான் தர்றேன். அவர் வந்தா வேலைக்குப் போட்டுட்டுப் போகணும்" என்றாள்.

இரவல் படிவத்தில் ‘திருப்பித் தர வேண்டிய நாள்’ என்ற இடத்தில் ‘உரியவர் வரும் நாள்’ என்று நானே எழுதினேன். விளக்க அட்டையில் ‘இவர் ஆற்றில் படகு ஓட்டுகிறார்’ என்று எழுதினேன். அக்கா வந்து படித்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அப்போதுதான் சிறந்த நகர அருங்காட்சியகத்துக்கான விருது வந்து தொலைந்தது. ஐந்து நகரங்கள் போட்டியில். நடுவர்கள் பாதி, மக்கள் ஓட்டு பாதி. எங்கள் இயக்குநருக்குச் சதவீதம் என்று பெயர் வைத்திருந்தோம். வணக்கம் சொன்னால்கூட எத்தனை சதவீதம் என்று கேட்கிற ஆள்.

"துறைமுக ஊர்க்காரங்ககிட்ட திமிங்கல எலும்புக்கூடு இருக்கு. முப்பத்தெட்டு சதவீதம் அங்க போயிடுச்சு. நம்மகிட்ட என்ன இருக்கு?" என்று கூட்டத்தில் கத்தினார். பிறகு அவரே மழைக்கோட்டைக் கண்டுபிடித்தார். வாசகமும் அவருடையதுதான். ‘இவர் படகு ஓட்டுகிறார். நீங்கள் ஓட்டுப் போடுங்கள்.’ சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். எனக்கு அவரை ஆற்றில் தள்ளலாம் போலிருந்தது.

அக்காவிடம் கேட்டேன். "பேப்பர்ல, பஸ் ஸ்டாப்புல எல்லாம் போடுவாங்களா? எங்க இருந்தாலும் அவர் கண்ணுல படுமே" என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

அச்சகத்துக்காரர் ஓட்டு கேட்கும் சுவரொட்டிகளுக்கான நாற்பத்திரண்டு தாள்களோடு வந்து என் மேசை அருகே நின்றார். மதியத்துக்குள் அச்சேற வேண்டும், சீக்கிரம் சார், சீக்கிரம் என்று அரித்தார். வரிசையாகத் திருத்திக் கொடுத்தேன். பானை, நாற்காலி, தறி, படகு. என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேனா? வினைச்சொற்களை மட்டும்தான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் நடுவர்கள் வந்தார்கள். சதவீதம் அவர்களை அழைத்துக்கொண்டு வெள்ளக் கூடத்துக்குள் நுழைந்தபோது அக்கா அங்கே நின்றுகொண்டிருந்தாள். தையல்கடைக்குப் போகும் வழியில் பஸ் ஸ்டாப்பில் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். "இவங்கதான் அவரோட மனைவி" என்று சதவீதம் அறிமுகம் செய்ய, மூன்று நடுவர்களும் கை தட்டினார்கள். அக்கா அவர்களைப் பார்க்கவே இல்லை.

"ஓட்டினார்னு போட்டிருக்கே, யார்டா எழுதினது?"

சதவீதத்தின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"நான்தான்க்கா."

"தெரிஞ்சா எழுதின?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல. யோசிக்கவே இல்ல, கை தானா எழுதிடுச்சு. மாத்திடறேன், இன்னைக்கே எல்லாத்தையும் கிழிச்சுடச் சொல்றேன்."

கண்ணாடிக்குள் இருந்த மழைக்கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதில் ஒரு பொத்தான் மட்டும் கறுப்பு. மஞ்சள் கிடைக்காமல் அவள் தைத்தது.

"யோசிச்சு யோசிச்சு நீ சொன்னதெல்லாம் எனக்காகச் சொன்னதுடா. யோசிக்காம எழுதினதுதான் உனக்குத் தெரிஞ்சது."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யாக இருந்திருக்கும், அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

"இரவல்னு எழுதின பேப்பரை எடு" என்றாள். "இங்கயே இருக்கட்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் நான் என்ன பண்ணப்போறேன்?"

என் அறைக்குப் போனோம். இரவல் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கொடைப் படிவத்தை எடுத்தேன். பொருள், நிறம், அளவு. ‘திருப்பித் தர வேண்டிய நாள்’ இதில் கிடையாது. ‘உரியவருக்கு என்ன உறவு’ என்ற இடத்தில் ‘மனைவி’ என்று எழுதினேன். அக்கா எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகவே படித்தாள்.

"அதையும் உங்க வழக்கப்படி போடுடா."

"எப்படிக்கா?"

"இருந்தேன்னு."

என்னால் பேனாவை நகர்த்த முடியவில்லை. அவளே அதை என் விரலிலிருந்து வாங்கினாள். ‘மனைவி’யை ஒட்டி ‘யாக இருந்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

பழக்கதோஷம், பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.