எதிரி வரும் தேதி

...செத்தவர்கள் இரண்டு மீட்டர் இடைவெளி விட்டுத்தான் விழ வேண்டும் என்று எழுதியாகிவிட்டது, விழுந்த பிறகும் முகக்கவசத்தைக் கழற்றக் கூடாது என்பதைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் பொய்த் துப்பாக்கியால் சுடப்பட்ட காவலர் முதலில் செய்கிற காரியம் அதைக் கழற்றி எறிந்துவிட்டு மூச்சு வாங்குவதுதான், அப்புறம் எதிரியாக வருகிறவர்கள் காவலரைத் தொட்டுப் பிடிக்கக் கூடாது, எட்ட நின்று உன்னைப் பிடித்துவிட்டேன் என்று சத்தம் போட வேண்டும், அவரும் நல்ல பிள்ளையாகக் கையைத் தூக்க வேண்டும்... இதற்குப் பெயர் பாதுகாப்புச் சோதனை! அணுமின் நிலையத்துக்குள் பொய் எதிரிகளை அனுப்பி, காவல் எப்படி இருக்கிறது என்று பார்த்து மேலே சொல்வது அவள் உத்தியோகம். இத்தனை வருஷத்தில் எத்தனை வேலிகளைத் தாண்ட வைத்திருக்கிறாள், எத்தனை அதிகாரிகள் முகத்தில் ஈயாடாமல் நின்றிருக்கிறார்கள், இப்போது பார்த்தால் படுக்கையறையில் துணி தேய்க்கும் மேசைமேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, மேலே நல்ல சட்டையும் கீழே இரவு உடையுமாக, பிணங்களுக்கு இடைவெளி அளந்துகொண்டிருக்கிறாள். சிரிப்பு வந்தது. சிரித்தால் திரையில் தெரியும்.

திரையில் ஒரு கட்டத்தில் அவள் துறையின் இயக்குநர், இன்னொரு கட்டத்தில் நிலையத்தின் மருத்துவர். மருத்துவர் மெல்லப் பேசுகிற மனுஷன், ஆனால் பேசியதுதான் வினை. சோதனைக்கு இரண்டு நாள் முன்னால் அன்று காவலில் இருக்கிற ஷிப்டுக்கு மட்டும் மூக்கில் குச்சி விட்டுத் தொற்று இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டுமாம், இன்று ஐந்து மணிக்கு அவர்கள் எல்லோருக்கும் கைபேசியில் செய்தி போய்விடுமாம். அவளுக்குத் திக்கென்றது. "சார், அந்த ஷிப்டை மட்டும் கூப்பிட்டா என்னைக்குன்னு அவங்களுக்கே தெரிஞ்சிடுமே? எல்லா ஷிப்டுக்கும் வாராவாரம் எடுத்தா யாராலயும் கண்டுபிடிக்க முடியாது." மருத்துவர் கண்ணாடியைத் துடைத்தார். அவ்வளவு குச்சிக்கு எங்கே போவது? இயக்குநர் அசரவில்லை. "தெரிஞ்சா தெரியட்டும்மா. நல்லாப் பண்ணிட்டுப் போறாங்க. நமக்கு இந்த வருஷம் சோதனை நடந்துச்சுன்னு இருக்கணும், அவ்வளவுதான்." அவ்வளவுதானா? நிஜ எதிரி சொல்லிவிட்டா வருவான்? கல்யாணப் பத்திரிகை மாதிரி தேதியை அனுப்பிவிட்டு அப்புறம் என்ன சோதனை, என்ன ரகசியம்... ரகசியம் என்ற சொல் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது, காலையில் அந்தச் சொல்லைத்தான் அக்காவின் முகத்தில் அடித்த மாதிரி சொல்லியிருந்தாள்.

அக்கா வீட்டுக்காரர் அந்த நிலையத்தில் வாசல் காவலுக்கு மேற்பார்வையாளர், அதே ஷிப்டு. மூச்சிரைப்பு நோய். இரண்டு மாடி ஏறினால் பையிலிருந்து மருந்தை எடுத்து வாயில் அடித்துக்கொள்கிறவர், சோதனை நாளில் கனத்த கவச உடையும் முகக்கவசமுமாக ஓட வேண்டும், ஓடிப்போய் ஜன்னலில்லாத அறையில் மற்றவர்களோடு அடைந்து கிடக்க வேண்டும். நோயைச் சொல்லி ஒதுங்கினால் உடம்பு லாயக்கில்லை என்று வேலையிலிருந்தே அனுப்பிவிடுவார்கள். அக்கா காலையில் கைபேசியில் கூப்பிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. "தேதிய மட்டும் சொல்லுடி. அன்னைக்கு லீவு போட்டுடச் சொல்றேன். நான் மூச்சு விட மாட்டேன்." "அது ரகசியம்க்கா. சொல்ல முடியாது." "உன் மாமாவுக்குக் கூடவா?" "யாருக்குமே." "அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எங்கடி போவேன்? உன் கால்ல வேணா விழறேன்..." அக்காவா? பிறந்ததிலிருந்து யாரிடமும் தழைந்து பேசாத அக்காவா?

இயக்குநர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார், சாப்பாட்டுப் பொட்டலத்தை யார் எங்கே வைப்பது என்று. அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்குள் மாமா லீவு கேட்டுவிட்டால் பிழைத்தார், செய்தி போன பிறகு அந்த ஷிப்டில் யாருக்கும் லீவு கிடையாது. இப்போதே சொல்லிவிடலாமே? இன்னும் கொஞ்ச நேரத்தில் ஷிப்டுக்கே தெரியப்போகிற சங்கதி, இதைக் கட்டிக் காத்து யாருக்கு என்ன லாபம்? ஒரே ஒரு வரி, 'மாமாவை உடனே லீவு கேட்கச் சொல்', போதும். பாவம் அவர். இவளைக் கட்டிக்கொண்டவன் விட்டுவிட்டுப் போன பிறகு, குழாய் ஒழுகினாலும் விளக்கு எரியாவிட்டாலும் கூப்பிடாமலே வந்து நின்றவர், ஒரு வார்த்தை கேட்காதவர். கேட்டதெல்லாம் அக்காதான், கேட்டது மட்டுமா, உறவுக்காரர்கள் அத்தனை பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் சிரித்துக்கொண்டே சொன்னாளே... "இவகூட எவன் இருப்பான்? வீட்டுக்குள்ளயும் சோதனை போட்டிருப்பா." எல்லோரும் சிரித்தார்கள். இவளும் சேர்ந்து சிரித்தாள். வேறென்ன செய்வது? அன்று சிரித்த வாய் இன்னும் வலிக்கிறது.

ஆனால் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? விதி விதிதானே. காலையில் தேதி ரகசியமாகத்தானே இருந்தது, சொல்லாதது கடமைதானே? கடமைதான்... சரி, இப்போது? இப்போது எது தடுக்கிறது? கைபேசியை எடுத்தாள். அக்காவின் பெயர்மேல் விரல் போய் நின்றது, நின்றது நின்றபடி இருந்தது. ஒரு மணிநேரம் முந்திச் சொன்னாலும் விதிமீறல்தான் என்று சொல்லிக்கொண்டாள், நாளைக்கு விசாரணை வந்தால் வேலை போகும் என்று சொல்லிக்கொண்டாள், மாமா சமாளித்துக்கொள்வார், மருந்து பையிலேயே இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள், சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. மருத்துவர் குரல் கேட்டது. "அனுப்பியாச்சு. எல்லாருக்கும் போயிடுச்சு." "குட்," என்றார் இயக்குநர்.

மாமாவின் கையில் இந்நேரம் அந்தச் செய்தி இருக்கும். அவர் முகம்தான் முதலில் கண்முன் வர வேண்டும், ஐயோ என்று மனசு பதற வேண்டும். அவள் காத்திருந்தாள், பதறவில்லை. வந்தது வேறு நினைப்பு. இப்போது அக்கா கூப்பிடுவாள், இன்னொரு தடவை கெஞ்சுவாள். அவள் கைபேசியின் சத்தத்தை முழுக்கக் கூட்டி, திரையில் தெரியாத பக்கமாக, கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துக்கொண்டாள்.