வயிற்றுவாரில் உறைந்த வியர்வை

மேலைவானம் உருக்கிய செம்பெனச் சிவந்து, அச்செம்மை நெடிய கொட்டில்களின் ஓடுகளில் வழிந்து, வைக்கோலும் சாணமும் ஈரத்தோலும் கலந்து மணக்கும் முற்றத்தில் மெல்ல மங்கிய வேளையில், ஓடிக் களைத்த புரவிகள் தலைதாழ்த்தி நீர் பருகிக்கொண்டிருந்தன. கரியன் என்னும் புரவி மட்டும் தனியே கட்டுண்டு நின்றது. அன்றும் அது தன்மேல் ஏறியவனை ஏறிய கணமே உதறித் தள்ளியிருந்தது. விடிந்ததும் அதனைக் கழித்து இறைச்சிக்கு அனுப்புவதென்று கொட்டில் தலைவர் முடிவு கட்டிவிட்டார்.

சேண அறையிலோ, தோற்பொருள்களைத் துடைத்து எண்ணெயிடுவதையே தொழிலாகக் கொண்ட தாயொருத்தி அமர்ந்திருந்தாள். கரியனை முன்பு ஓட்டியவன் அவள் மகன், காய்ச்சலில் மாண்டவன். மாலைதோறும் சேணங்களின் உப்பையும் அழுக்கையும் ஈரத்துணியால் ஒற்றி, வழலைக்கட்டியை நுரைத்துத் தேய்த்து, நிழலில் உலர்த்தி, எண்ணெய் ஊட்டி, பிறர் புரவிகளுக்கெல்லாம் குறையின்றி உழைத்த அக்கைகள், இன்னமும் கரியன்மேலேயே பூட்டப்பட்டுவந்த மகனுடைய சேணத்தின் மேற்புறத்தை மட்டும் மெருகேற்றிவிட்டு, அடிப்புறத்தையும் புரவியின் வயிற்றைச் சுற்றி இறுக்கும் வாரையும் நீர் காட்டாமலே விட்டிருந்தன. அவற்றில் அவன் வியர்வையும் கரியனின் வியர்வையும் ஒன்றாய் உறைந்திருந்தன. கதவைச் சாத்திக்கொண்டு அதில் முகம் புதைத்து மூச்சிழுப்பாள். அவளுக்கு எஞ்சிய மகன் அவ்வளவே.

விரலில் குருதியோடு மகள் உள்ளே புகுந்தாள்.

"அம்மா, இதப் பாரு. கரியனோட முன்னங்கால் இடுக்குல புண்ணு. முடி மறைச்சிருக்கு."

"முள்ளு கிள்ளு குத்தியிருக்கும்டி."

"முள்ளா? உன் வார்தான் முள்ளு! மரக்கட்டையா விறைச்சுக் கெடக்கு, ஓரம் அரம் மாதிரி அறுக்குது. மேல மட்டும் கண்ணாடியாட்டம் தேச்சு வச்சு எல்லார் கண்ணுலயும் மண்ணைத் தூவியிருக்க!"

"தண்ணி பட்டா அவன் வாசம் போயிடும்டி..."

"அண்ணனக் காய்ச்சல் கொண்டுபோச்சு. இதக் கொல்லப்போறது நீ. அவன் இருந்திருந்தா இந்த வாரத் தூக்கி உன் மூஞ்சியிலயே எறிஞ்சிருப்பான்."

மகளே தலைவரை இழுத்துவந்து புண்ணைக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஆறட்டும். அப்புறமும் உதறுச்சுன்னா எங்கிட்ட வந்து நிக்காதீங்க."

தாய் தொட்டியில் நீர் நிரப்பினாள். துணி முதன்முறை பட்டதும் அவள் கை, சுடுகலம் தொட்டாற்போல் பின்வாங்கிற்று. பின்னர் அழுதுகொண்டே துடைத்தாள். கறை கரைந்து, நீர் பழுப்பேறி, தோல் மெல்ல இளகி, எண்ணெயைத் தாய்ப்பால் உண்ணும் சேயெனப் பருகிற்று. அந்நீரைக் கொட்ட மனமின்றி நெடுநேரம் நின்றாள். மகள் தொட்டியின் மறுபுறத்தைப் பிடித்துக்கொண்டாள், அவளும் அழுதாள்.

புண் ஆறியபின் ஒரு காலையில் புதிய குதிரைவீரன் அச்சேணத்தைக் கொணர்ந்தான். கரியன் அதனை முகர்ந்தது. எதையோ தேடுவதுபோல் மீண்டும் முகர்ந்தது. பின் அசையாது நின்று அவனை ஏற்றுக்கொண்டு, காலைப்பனியினூடே ஓடி மறைந்தது.

அன்று மாலை திரும்பிவந்த சேணத்தைத் தாய் வாங்கி, பழக்கத்தால் கதவைச் சாத்தி, முகம் புதைத்தாள். எண்ணெய் மணந்தது, அறியாதான் ஒருவனின் வியர்வை மணந்தது. எழுந்து கதவைத் திறந்துவைத்தாள். துணியை நனைத்தாள். மாண்டார்க்கு நாம் செய்யத்தக்கது ஏதுமில்லை, நல்லீர். அவர் நேசித்த உயிர்க்குப் புண் நேராது காத்தல் ஒன்றே உண்டு, அதுவும் நெஞ்சை அறுத்தே கைகூடும்.