மேற்கு வெயிலுக்கு ஒரு டிவி

நான் தூத்துக்குடிக்குப் பஸ் ஏற ஒன்பது நாள் இருந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. போவதற்குள் அம்மாவுக்கு ஒரு டிவி பார்த்து வைக்க வேண்டும். பம்பாயிலிருந்து அண்ணன் காசிராஜன் டிரங்க் காலில் சொல்லிவிட்டான்.

"அம்மையச் சும்மா தனியா விட்டுட்டுப் போகக் கூடாது, கேட்டியா? டிவி நல்லா அமைஞ்சா நீ போ. இல்லேன்னா வேலை வேண்டாம்னு சொல்லிரு."

"சரி" என்றேன். படிப்பு முடித்து இரண்டு வருடம் இந்த ஒரு வேலைக்காகக் காத்திருந்ததை அந்த இரைச்சலில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அப்பா இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எங்களில் கணவனை இழந்தவள் ஒரு வருடம் மூலையில் இருக்க வேண்டும். கூடத்தில் ஒரு மூலை, ஒரு பாய். அடுப்படிக்கும் பின்கட்டுக்கும் போகலாம். தெருவாசலைத் தாண்டக் கூடாது. அம்மாவின் மூலை மேற்கு ஜன்னலை ஒட்டி இருந்தது. கம்பிகளுக்கு அப்பால் புளியங்குடி பஸ்கள் போவது தெரியும். அம்மா ஒவ்வொரு பஸ்ஸையும் பார்ப்பாள்.

டிவிக்கு மிஞ்சியது எதிர்ச்சுவர் மட்டும்தான். மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக அந்தச் சுவரில்தான் விழும். அப்பாவுக்கு இருட்டு ஆகாது என்பதால் கூரையில் வேறு நாலு கண்ணாடி ஓடு பதித்திருந்தார். ஜன்னலுக்கு ஒரு திரை போட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் அம்மாவிடம் அந்த ஜன்னல்தான் மிச்சம் இருந்தது. நான் திரை வாங்கவில்லை.

ஹபீப் முகம்மது கடையில் டிவியை வீட்டில் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கலாம். முதல் பெட்டி மரக்கதவு போட்டது. கடையிலிருந்து தாவூது அண்ணன் அதைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கூரையில் ஏறி ஆண்டெனாவை வடக்கே கொடைக்கானல் டிவி டவர் பக்கம் திருப்பினார்.

"தங்கச்சீ, தெரியுதா?"

"இல்ல" என்றேன்.

"என்னது?"

"இல்ல."

"யாராவது சத்தமாச் சொல்லுங்களேன்!"

"புள்ளி புள்ளியா வருதுய்யா! இன்னும் கொஞ்சம் திருப்பு!" என்று மூலையிலிருந்து அம்மா கத்தினாள். ஐந்து மாதத்தில் முதல் முறையாக அவள் குரல் தெருவுக்குக் கேட்டது. எதிர்வீட்டு முப்பிடாதி அத்தை உடனே வாசலுக்கு வந்துவிட்டாள்.

"நல்லாயிருக்கே! மூலையில இருக்கவ போடுத சத்தமா இது?"

"நீங்க வந்து கத்துங்க மதினி. நான் வாயை மூடிக்கிடுதேன்."

அத்தை கத்தவில்லை. பெட்டிக்கு முன்னால் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். பிறகு தெருப் பெண்கள் வந்தார்கள். எல்லோரும் பெட்டியைப் பார்த்து உட்கார்ந்ததால் எல்லோருடைய முதுகும் அம்மாவின் பக்கம் இருந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அத்தைக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாக அம்மா எட்டிப் பார்த்தாள். அன்று கண்ணாடியில் எங்கள் ஜன்னலின் கம்பிகள்தான் தெரிந்தன. படம் எனக்கே தெரியவில்லை.

இரண்டாவது பெட்டிக்கு முன்னால், கண் கூசாமல் இருக்க நீல பிளாஸ்டிக் தகடு ஒன்று மாட்டியிருந்தது. முகங்கள் நீலமாக வந்தாலும் அடையாளம் தெரிந்தது.

"எப்படிம்மா இருக்கு?"

"ஏட்டி, ஒரே வெயிலு. ஒண்ணும் தெரியல."

நான் சாயங்காலம் வரை பெட்டியைச் சுவரோரமாக நகர்த்தி நகர்த்திக் கோணம் பார்த்தேன். அம்மா ஒவ்வொரு முறையும் இல்லையென்று தலையை ஆட்டினாள். தாவூது அண்ணன் அதையும் தூக்கிக்கொண்டு போனார்.

"உங்க வீட்டுக்குச் சூரியனை அணைச்சுட்டுத்தான் டிவி விக்கணும் போல" என்றார்.

நான் கடைக்குப் போய், கறுப்புக் கண்ணாடி போட்ட பெட்டி இருக்கிறதா என்று கேட்டேன். இதைக் கேட்க முதல் நாள் இரவே வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். படத்தின் ஒளி அந்தக் கண்ணாடியை ஒரு முறை கடந்து நம்மிடம் வருகிறது. வெயிலோ உள்ளே போக ஒரு முறை, திரும்பி வர ஒரு முறை கடக்க வேண்டும். அதனால் வெயில்தான் அதிகம் மங்கும். ஹபீப் முகம்மது பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருக்கும்மா, திருநெல்வேலியில இருந்து வரணும்" என்றார்.

பெட்டி வந்தது ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை நான் போக வேண்டும். என் துணிப்பெட்டியை இன்னும் கட்டவில்லை. டிவி அமையாவிட்டால் கட்ட வேண்டிய வேலையே இல்லை.

மாலைப் படம் ஆரம்பித்தபோது வெயில் எதிர்ச்சுவர் முழுக்க இருந்தது. தாவூது அண்ணன் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தார். "மொதல்ல கண்ணுக்குப் பாருங்க. காதுக்கு அப்புறம்" என்றார். யாரும் இன்னும் வந்திருக்கவில்லை. நான் அம்மாவின் பாயில், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கறுப்பு கறுப்பாக இருந்தது, வெள்ளை வெள்ளையாக இருந்தது. ஒரு தடியன் பின்பக்கமாகவே நடந்துபோய்த் தடுக்கி விழுந்தான். பக்கத்தில் அம்மாவின் வயிறு குலுங்கியது. சத்தம் வராமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எப்படிம்மா?" என்றார் தாவூது அண்ணன்.

"தெரியலப்பா. ஒரே வெளிச்சம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "ஹபீப் பாய்ட்ட என்ன சொல்லட்டும் தங்கச்சி?" என்றார்.

"காலையில சொல்லுதேன்" என்றேன்.

அவர் போன பிறகும் பெட்டி ஊமையாக ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலில் ஒரு பஸ் போனது. அம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அம்மா, அந்த ஆள் எதுல விழுந்தான்?"

"ஆட்டி வச்ச மாவுல" என்றாள்.

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த கோரையை எடுத்து விரலில் சுற்றினாள்.

"ரெண்டாவது பெட்டியிலயே நல்லாத் தெரிஞ்சுது மக்கா" என்றாள் அம்மா. "பெட்டி அமைஞ்சிட்டா நீ போயிருவ."