செங்குளம்பனின் முதுகு

...அதுவும் சிரித்துக்கொண்டு சொன்னாள், அதுதான், சிரிக்காமல் சொல்லியிருந்தால் இத்தனை நாளாக இது தொண்டைக்குள் மீன்முள் மாதிரி நின்றிருக்காது, வெங்காயம் உரித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வடிய வடிய, "இண்டைக்கு நான் குதிரையிலை போனனான்" என்று என் பெண்சாதி ஷிரோமி சொன்னாள், நான் மூட்டை சுமந்த தோளுக்குத் தைலம் பூசிக்கொண்டிருந்தேன், எந்தக் குதிரை என்று கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது, எங்கள் விளையாட்டு மேசையில் இருக்கிற ஒரே குதிரை நான். குதிரை என்றால் முழுக் குதிரையும் அல்ல, இடுப்புக்கு மேலே மனிதன், கீழே நாலு கால், சென்டோர் என்பார்கள், விதிப் புத்தகத்தில் அவர்களுக்கென்று ஆறு பக்கம் இருக்கிறது, குள்ளர் மாதிரி, காட்டுத் தேவர் மாதிரி அவர்களும் ஓர் இனம், விரும்பியவர் எடுத்து விளையாடலாம். ஷிரோமியின் தம்பி யூலியன் கொரோனா அடைப்பில் ஸ்தேன் என்கிற புறநகரில் எங்கள் வீட்டுக்குள் எங்களை இருத்திப் பழக்கிய விளையாட்டு, அவன் கதை சொல்லுவான், நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடப்போம், வெற்றியா தோல்வியா என்பதைப் பகடை சொல்லும். இந்த வயதில் இதென்ன கூத்து என்று முதலில் கேட்டவன் நான்தான், பிறகு புத்தகத்தில் சென்டோரின் படத்தைப் பார்த்தேன், அந்த நெஞ்சும் அந்தக் குளம்பும், எவனுக்கும் வழிவிடாத அந்த நிற்பும்... செங்குளம்பன் என்று பேர் வைத்தேன். அன்றிலிருந்து ஞாயிறு மத்தியானங்களில் நான் றெமிஜியஸ் இல்லை.

இன்றைக்குக் கடை முதலாளி ஒரு மணிக்கே விட்டுவிட்டார், பிள்ளையார் கோயில் தேர் போன ஞாயிறோடு முடிந்தது, அதுவரை வீதியில் உடைக்கிற தேங்காய் லொறி லொறியாக வந்து இறங்கியது, வேதக்காரன் சுமந்த தேங்காய் என்று பிள்ளையார் முகம் சுளிக்கவில்லை, என் நாரிதான் குனிய நிமிர முடியாமல் விட்டுப்போனது. தலைக்கு மேலே மெட்ரோ ஓடுகிற இரும்புத் தூண்களுக்கிடையே சிகரெட் விற்கிறவர்களை விலக்கிக்கொண்டு ரூ பஜோல் தெருவில் நாங்கள் விளையாடுகிற சங்கத்துப் பக்கம் நடக்கிறேன், கால் வேகமாகப் போகிறது, மனம் அதைவிட வேகமாகப் போகிறது, ஷிரோமி மாதா கோயில் பூசை முடிந்து நேரே அங்கே போயிருப்பாள், அந்தக் குதிரையை ஓட்டியவனும் வந்திருப்பான், பக்கத்தில் இருப்பார்களோ? தேர் வேலையில் மூன்று ஞாயிறு நான் போகவில்லை, ஆள் வராவிட்டாலும் பாத்திரம் வரவேண்டும் என்பது எங்கள் மேசையின் வழக்கம், வராதவரின் பாத்திரக் குறிப்புத் தாளை இன்னொருவர் எடுத்து அவருக்காக விளையாடுவார், அந்த வழக்கத்துக்கு முதலில் கை உயர்த்தியவனும் நானே, தன் வாயால் கெட்டது தவளை மட்டுமல்ல. என் தாளை எடுத்தவன் லூடோவிக், புதிதாகச் சேர்ந்த புதுச்சேரிக்காரன், நகரசபையில் மேசை வேலை, மடிப்புக் கலையாத சட்டை, தாத்தா காலத்திலேயே பிரெஞ்சுக் குடிமகன், பனியில் வரிசையில் நின்று அகதிப் பேப்பர் எடுத்த எங்களைப் போலல்ல. முதல் நாளே என் முதுகில் என் பெண்சாதியை ஏற்றியிருக்கிறான். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்கள், இங்கே நெய்யும் என்னுடையது, பெண்டாட்டியும் என்னுடையவள், அள்ளி வார்த்த நல்ல பேர் மட்டும் அவனுக்கு.

செங்குளம்பனின் முதுகில் எவரும் ஏறியதில்லை. ஏறலாம் என்று விதிப் புத்தகம் சொல்கிறது, சின்ன உருவமுள்ளவர்கள் சென்டோர் மேல் ஏறிப் போகலாம், ஆனால் நான் விடவில்லை, பாத்திரத் தாளின் பின்பக்கத்தில் என் கையால் தமிழில் எழுதி வைத்தேன், செங்குளம்பன் வாகனம் அல்ல, அவன் முதுகில் எவரும் ஏறார். கிழமை முழுக்க அரிசி, தேங்காய், மரவள்ளிப் பெட்டி என்று நிலவறைப் படியில் ஏற்றி இறக்குகிறவன் விளையாட்டிலுமா சுமக்க வேண்டும்? அதில் என்ன பிழை? லூடோவிக்குக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது, அதனால்தான் நடந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன், சமாதானம் வரவில்லை, ஏனென்றால் ஷிரோமிக்கு வாசிக்க வரும். அவளுடைய பாத்திரம் மிளகி, குள்ளர் இனத்து வைத்தியச்சி, குட்டைக் கால், நான் ஒரு பாய்ச்சலில் கடக்கிற தூரத்துக்கு அவளுக்கு இரண்டு முறை வேண்டும், நாங்கள் அக்கரையில் நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்த பிறகுதான் வந்து சேருவாள். ஒருநாளும் கேட்டதில்லை... கேட்டாளா? "இஞ்சேருங்கோ, எனக்குக் கால் நோகுது" என்று ஒருமுறை சொன்னாள், அது மிளகி சேற்று நிலத்தில் சொன்னதா, இல்லை லிஃப்ட் பழுதான கிழமை எங்கள் ஐந்தாம் மாடிப் படியில் ஷிரோமி சொன்னதா, விடிய ஐந்து மணிக்கு லா டெஃபான்ஸில் கந்தோர் கட்டடங்களைக் கூட்டித் துடைத்துவிட்டு வருகிறவள், நான் என்ன பதில் சொன்னேன், ஏதாவது சொல்லியிருப்பேன். அதை விடு. எங்கே பிடித்திருப்பாள்? சென்டோருக்குக் குதிரைக் கழுத்து இல்லை, பிடரி மயிர் இல்லை, ஏறியவள் விழாமல் இருக்க மனித இடுப்பைத்தான் கட்டிப்பிடிக்க வேண்டும், யூலியன் கேட்டிருப்பான், அவனுக்கு எல்லாம் விவரமாக வேண்டும், எங்கை பிடிக்கிறாய் அக்கா என்று, அவள் என்ன சொன்னாள்?

சங்கத்தின் பின்னறையில் மூன்று பேரும் இருந்தார்கள், மேசையில் றோல்ஸும் தேநீர்ப் போத்தலும், அவள் யூலியனுக்குப் பக்கத்தில்தான் இருந்தாள், அதற்கும் ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதியை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது. லூடோவிக் எழுந்து நின்று இரண்டு கையாலும் தாளைத் தந்தான், "உங்க ஆளை பத்திரமா பார்த்துக்கிட்டேன் அண்ணே, ரொம்ப நல்லவரு" என்றான். என்னுடைய ஆளுக்கு இவன் சான்றிதழ் தருகிறான். தாளைப் பார்த்தேன், உயிர்ப் புள்ளி குறையவில்லை, அம்பு குறையவில்லை, ஒரு மூலையில் தேநீர்க் கறைகூட இல்லை, பிழை பிடிக்க ஒன்றும் வைக்கவில்லையே பாவி. யூலியன் கதையைத் தொடங்கினான், மலையில் மழை, ஆறு பெருகுகிறது, பாலம் போய்விட்டது, பின்னால் எதிரிகள், "அத்தான், உங்கடை முறை, என்ன செய்யிறியள்?" நான் பகடையைக்கூட எடுக்கவில்லை, செங்குளம்பன் பாய்ந்து கடக்கிறான் என்றேன். "அப்ப அக்கா?" "அவன்ரை முதுகிலை ஒருத்தரும் ஏறுறேல்லை." சொன்னது யூலியனுக்கு, பார்த்தது லூடோவிக்கை, அவன் முகம் விழுவதைப் பார்க்க ஆசையாக இருந்தது, உண்மையைச் சொன்னால் அதற்காகத்தான் இவ்வளவு வேகமாக நடந்து வந்தேன்.

அவன் முகம் விழவில்லை. குழம்பியது. "பின்னாடி நீங்களே வேற மாதிரி எழுதியிருக்கீங்களே அண்ணே? எனக்குப் படிக்கத் தெரியாது, அக்காதான் படிச்சாங்க. களைச்சுப் போனவங்களை நான் சுமப்பேன், அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே மண்டி போடுவேன்... அப்படித்தானே அக்கா? திக்காம படிச்சாங்க அண்ணே, எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு." யூலியன் தாளை எட்டிப் பார்த்தான், அவன் அச்செழுத்தையே தட்டித் தடவி வாசிக்கிறவன், என் கிறுக்கல் அவனுக்கு எங்கே விளங்கும், "நல்லா எழுதியிருக்கிறியள் அத்தான்" என்றான். ஷிரோமி நிமிரவில்லை. விரலால் உருட்டிக்கொண்டிருந்த பகடையை நிறுத்திப் பொத்திப் பிடித்திருந்தாள். ஒரு சொல் போதும், நான் எழுதியது அதுவல்ல, இவள் பொய் வாசித்தாள் என்று, தாள் என் கையில், கையெழுத்து என்னுடையது, அவள் அந்தப் பையனுக்கு முன்னால் சிறுத்துப்போவாள்... வாய் வரை வந்தது. "ஓம், அப்பிடித்தான் எழுதினனான், மறந்துபோனன்" என்றேன், என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது, "செங்குளம்பன் முழங்கால் மடிக்கிறான்."

"மிளகி ஏறுறாள்" என்றாள் ஷிரோமி. சிரிக்கவில்லை. வெங்காயம் உரித்தபோது வந்த அந்தச் சிரிப்பு இப்போது வரவில்லை, நான் காத்திருந்தேன், யூலியன் தண்ணீரின் இரைச்சலைச் சொல்லிக்கொண்டிருந்தான், லூடோவிக் பகடையை எனக்கு நகர்த்தி வைத்தான், பாவம், அவன் என்ன செய்தான், வாசிக்கத் தெரியாதவன், காதில் விழுந்ததை நம்பி நல்லவனாக நடந்தான், அவன் மேல் எனக்கு இருந்த எரிச்சல் எங்கே என்று தேடிப் பார்த்தேன், அவனிடம் இல்லை. ஆனால் வயிறு எரிவது நிற்கவில்லை, அது இப்போது இன்னொருவன் மேல், அவள் வாசித்தாளே அவன் மேல், கேட்க முதல் மண்டியிடுகிறவன், தாளில் எங்கேயும் இல்லாதவன், அவனைத்தான் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆறு கடந்திருக்கிறாள்... திக்காமல் வாசித்தாள் என்று லூடோவிக் சொன்னானே, அந்த நிமிடத்தில் புனைந்து சொல்கிறவள் ஓரிடத்திலாவது திக்கியிருப்பாளே, அப்படியென்றால் அந்த இல்லாதவனை எத்தனை வருஷமாகத் தெரியும் இவளுக்கு?